கூலி என்பது ஆளின் பெயரல்ல

(ஸ்ரீரங்கத்தில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இங்கிலீஷ் என்றால் பெரிய படிப்புப் படித்தவர்களின் சொத்து என்று நினைக்கிறோம். ஆனால் அந்த மொழியின் அகராதியைப் புரட்டிப் பாருங்கள். நம் பாட்டன் பூட்டன் வாயிலிருந்து போன சொற்கள் அங்கே இருக்கின்றன. மூன்றைச் சொல்கிறேன்.

இதோ, நமக்கு மேற்கே முக்கொம்பு. அங்கேதான் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. 1836இல் அங்கே மேலணை கட்டத் தொடங்கியவர் ஆர்தர் காட்டன் என்ற ஆங்கிலேய இஞ்சினீயர். மணல் ஆற்றில் அஸ்திவாரம் போடும் வித்தையை இந்த நாட்டாரிடமிருந்து கற்றதாக அவரே ஒப்புக்கொண்டார். வித்தையும் நம்முடையது, சொல்லும் நம்முடையது. நமது 'அணைக்கட்டு'தான் இங்கிலீஷில் 'அனிகட்'.

இரண்டாவது, 'செரூட்'. அது நமது சுருட்டு. திருச்சிச் சுருட்டு சீமை வரை பேர் பெற்றது. 1887இல் வெளிவந்த, கானன் டாயில் எழுதிய முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், துப்பறிகிறவர் சாம்பலைப் பார்த்தே அது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று கண்டுபிடிக்கிறார். ஆனால் அதைச் சுருட்டிய விரல்களைப் பற்றி அந்தக் கதையில் ஒரு வார்த்தை கிடையாது!

மூன்றாவது சொல்தான் நெஞ்சைச் சுடுவது: 'கூலி'. குஜராத்தின் கோலி மக்கள் பெயரிலிருந்து வந்தது என்போர் உண்டு. தமிழ்ச் சொல்லே என்போரும் உண்டு. நமக்கு வேண்டியது வேறு. தமிழில் கூலி என்றால் என்ன? உழைப்புக்குக் கொடுக்க வேண்டிய பணம், நெல். ஆனால் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி உழைக்கும் மனிதனையே 'கூலி' என்று அழைத்தான். 1860இல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 'ட்ரூரோ' என்ற கப்பல் ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிப் போயிற்று. அங்கே கரும்புத் தோட்டத்தில் அவர்களுக்கு மிஞ்சிய பெயர் அதுதான். கொடுக்க வேண்டியதைக் குறைத்தான். கொடுக்க வேண்டியதன் பெயரை மனிதன் தலையில் கட்டினான்!

சொற்களை முதலாளிகள் மட்டுமா உண்டாக்கினார்கள்? இல்லை. நாம் தினம் சொல்லும் 'ஸ்டிரைக்' என்ற சொல்லைப் பாருங்கள். 1768இல் லண்டன் துறைமுகத்து மாலுமிகள் சம்பள உயர்வு கேட்டு, கப்பல்களின் பாய்களை இறக்கிப் போட்டார்கள். பாயை இறக்குவதற்கு அவர்கள் சொன்ன சொல் 'ஸ்டிரைக்'. பாய் இறங்கினால் கப்பல் நகராது. கை நின்றால் உலகம் நகராது!

அந்தச் சொல் 1928இல் பொன்மலைக்கும் வந்தது. தென்னிந்திய ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1946 செப்டம்பர் 5ஆம் தேதி, அதே பொன்மலையில் போலீஸ் குண்டுக்கு ஐந்து தோழர்கள் பலியானார்கள். அவர்கள் ரத்தம் கலந்த பிறகு அது அந்நியச் சொல்லா? நம் சொல்!

ஆகவே தோழர்களே, வயலிலோ ஆலையிலோ எவனாவது உங்களைக் 'கூலி' என்று அழைத்தால் திருத்துங்கள்: "கூலி நீ தர வேண்டியது. நான் தொழிலாளி!"