விமான மைல்களா, ரொக்கக் கழிவா? குடும்பத்துக்கு எது ஆதாயம்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கடன்பற்று அட்டை நல்லதா கெட்டதா என்ற விவாதம் சிங்கப்பூரில் பழையதாகிவிட்டது. அட்டை வந்துவிட்டது, பணப்பையிலும் கைத்தொலைபேசியிலும் இடம்பிடித்துவிட்டது. இன்று நம்முன் உள்ள கேள்வி வேறு. விமான மைல்கள் தரும் அட்டையை எடுப்பதா, செலவில் ஒரு பகுதியை ரொக்கமாகத் திருப்பித் தரும் அட்டையை எடுப்பதா?

எனக்கு முன் பேசிய நண்பர் மைல்களுக்காக அழகாக வாதாடினார். "செலவு எப்படியும் செய்யத்தான் போகிறோம், அதோடு ஊருக்குப் போகும் டிக்கெட்டும் இலவசமாகக் கிடைத்தால் கசக்குமா?" என்று கேட்டார். கசக்காதுதான். ஆனால் அந்த டிக்கெட் உண்மையிலேயே இலவசமா என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டாமா?

பரிசுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

நாம் கடையில் அட்டையை நீட்டும்போது, அந்தத் தொகையில் ஒரு சிறு பங்கைக் கடைக்காரர் கட்டணமாகச் செலுத்துகிறார். அதில் ஒரு பகுதியே நமக்கு மைலாகவோ ரொக்கமாகவோ திரும்பி வருகிறது. வங்கிக்கு இன்னொரு பெரிய வரவும் உண்டு. மாதக் கடைசியில் முழுத் தொகையையும் கட்ட முடியாதவர்கள் செலுத்தும் வட்டிதான் அது. அதாவது, முழுவதும் கட்டுபவர் பரிசு பெறுகிறார்; கட்ட முடியாதவர் அந்தப் பரிசுக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறார். எந்த அட்டை என்று கேட்பதற்கு முன்னால், இந்த இரண்டு வரிசையில் நாம் எதில் நிற்கிறோம் என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பேரங்காடி, மின்கட்டணம், தொலைபேசி, பேருந்து, ரயில், வாரக் கடைசியில் ஒருவேளைச் சாப்பாடு என்று மாதம் 1,200 வெள்ளி அட்டையில் செலவாகிறது. தேக்கா சந்தையிலும் உணவங்காடியிலும் ரொக்கமாகவோ பேநவ் மூலமோ கொடுக்கும் பணம் இதில் சேராது. அதற்கு அட்டைப் பரிசு கிடையாது.

நிபந்தனை எதுவும் இல்லாத ரொக்கக் கழிவு அட்டை ஒன்று 1.5 விழுக்காடு தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 18 வெள்ளி. ஆண்டுக்கு 216 வெள்ளி. இது அட்டைக் கணக்கிலேயே கழிக்கப்பட்டுவிடும். காத்திருக்க வேண்டியதில்லை, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

இப்போது மைல் அட்டை. உள்நாட்டுச் செலவுக்கு ஒரு வெள்ளிக்கு 1.2 மைல் என்று கொள்வோம். மாதம் 1,440 மைல். ஆண்டுக்கு 17,280 மைல். கேட்கும்போது எண் பெரிதாக இருக்கிறது. ஆனால் மைல் என்பது பணம் அல்ல. அதன் மதிப்பை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு வழி சுலபம். நீங்கள் உண்மையில் வாங்கக்கூடிய டிக்கெட்டின் விலையை எடுத்துக்கொள்ளுங்கள். மைல்களைக் கொடுத்தாலும் விமான நிலைய வரிகளையும் கட்டணங்களையும் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். அவற்றைக் கழித்துவிடுங்கள். மிச்சத்தைத் தேவைப்படும் மைல்களால் வகுத்துவிடுங்கள்.

கணக்குக்காக ஓர் உதாரணம். சென்னைக்குப் போய்வர டிக்கெட் 450 வெள்ளி. அதில் வரி, கட்டணம் 150 வெள்ளி. தேவையான மைல்கள் 40,000 என்று வைத்துக்கொள்வோம். மிச்சமாவது 300 வெள்ளி. 40,000ஆல் வகுத்தால் ஒரு மைலுக்கு முக்கால் காசு. அப்படியானால் அந்தக் குடும்பம் ஓராண்டில் சேர்த்த 17,280 மைல்களின் மதிப்பு சுமார் 130 வெள்ளி. ரொக்க அட்டையோ 216 வெள்ளி தந்துவிட்டது.

இந்த இரண்டு அட்டைகளை ஒப்பிடும்போது, ஒரு மைல் ஒன்றேகால் காசுக்கு மேல் மதிப்புப் பெற்றால்தான் மைல் அட்டை வெல்லும். இந்த ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் விளம்பரங்களைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை.

நான்கு பேர் போக வேண்டுமே!

நம் குடும்பங்களில் ஒருவர் மட்டும் ஊருக்குப் போய்வருவது குறைவு. பாட்டியைப் பார்க்கப் பிள்ளைகளும் போக வேண்டும். நான்கு பேருக்கு 1,60,000 மைல்கள் வேண்டும். ஆண்டுக்கு 17,280 என்றால் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். தொடக்கப்பள்ளியில் சேர்ந்த பிள்ளை உயர்நிலைப்பள்ளிக்குப் போய்விடும்!

அதற்குள் இன்னொரு சிக்கல். சிங்கப்பூர் ஏர்லைன்சின் கிரிஸ்ஃபிளையர் கணக்கில் சேர்ந்த மைல்கள் மூன்று ஆண்டுகளில் காலாவதியாகிவிடும். சில வங்கிகளின் புள்ளிகளுக்கும் தனியாகக் காலக்கெடு உண்டு. வங்கிப் புள்ளிகளை மைல்களாக மாற்ற ஒவ்வொரு முறையும் பெரும்பாலும் 25 வெள்ளிக்கு மேல் கட்டணம் உண்டு. எத்தனை மைல் வேண்டும் என்பதையும் விமான நிறுவனமே முடிவுசெய்கிறது. 2022 ஜூலையில் கிரிஸ்ஃபிளையர் பல பயணங்களுக்கான மைல் எண்ணிக்கையை உயர்த்தியது. நேற்று போதுமாக இருந்த மைல், இன்று போதாமல் போகிறது.

பள்ளி விடுமுறையை மறந்துவிட முடியாது. நமக்கு ஜூனிலும் நவம்பர், டிசம்பரிலும்தான் போக முடியும். எல்லாருக்கும் அப்போதுதான் போக வேண்டும். மைல்களுக்கு ஒதுக்கப்படும் இருக்கைகளோ குறைவு. ஒரே விமானத்தில் நான்கு இருக்கைகள் கிடைப்பது இன்னும் அரிது. திருச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் மலிவுக் கட்டண விமானங்கள் பறக்கும் இந்தக் காலத்தில், ரொக்கம் கையில் இருந்தால் எந்த நிறுவனம் மலிவோ அதில் ஏறிக்கொள்ளலாம்.

2020இல் கொவிட் வந்தபோது என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். விமானங்கள் தரையில் நின்றன. விமான நிறுவனங்கள் மைல்களின் காலக்கெடுவை நீட்டித்தன, உண்மைதான். ஆனால் சம்பளம் குறைந்த வீட்டுக்கு அந்த மைல்களால் அரிசி வாங்க முடிந்ததா? ரொக்கக் கழிவு சிறிதாக இருந்தாலும் அரிசிக்கும் உதவும், பள்ளிப் புத்தகத்துக்கும் உதவும்.

மைல்கள் யாருக்குப் பொருந்தும்?

எதிரணி நண்பர் சொன்னதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். குறிப்பிட்ட வகைச் செலவுகளுக்கு ஒரு வெள்ளிக்கு 4 மைல் தரும் அட்டைகள் இருக்கின்றன. முக்கால் காசு மதிப்பு என்றாலும் அது 3 விழுக்காட்டுக்குச் சமம். ஆனால் அதற்கு மாத உச்சவரம்பு உண்டு. எந்தச் செலவு சேரும், எது சேராது என்ற பட்டியல் உண்டு. அதைக் கவனித்து நடக்கப் பொறுமை வேண்டும்.

விடுப்பை விரும்பிய நாளில் எடுக்க முடிந்தவர், தனியாகவோ துணைவருடனோ பயணம் செய்பவர், திருமணம், வீட்டுப் புதுப்பிப்பு போன்ற பெரிய செலவைக் கையில் இருக்கும் சேமிப்பிலிருந்து செய்பவர் ஆகியோருக்கு மைல்கள் நல்ல பலன் தரும். லண்டனிலோ மெல்பர்னிலோ இருக்கும் மகளைப் பார்க்கப் போகும் முதியவர், முதுகுவலியோடு உட்கார்ந்து போவதற்குப் பதில் வர்த்தகப் பிரிவில் படுத்துக்கொண்டு போக விரும்பினால், அங்கே ஒரு மைலின் மதிப்பு பல மடங்கு உயரும். ஆனால் 4,000 வெள்ளி டிக்கெட்டை நீங்கள் ஒருபோதும் வாங்கியிருக்கமாட்டீர்கள் என்றால், 4,000 வெள்ளி மிச்சம் பிடித்தேன் என்று சொல்வது சரியாகாது.

ரொக்க அட்டையிலும் பொறி உண்டு

ரொக்கக் கழிவு அட்டை எல்லாமே நல்லது என்று நான் வாதாட வரவில்லை. 5 விழுக்காடு, 8 விழுக்காடு என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். சிறிய எழுத்தில், மாதம் குறைந்தது 600 அல்லது 800 வெள்ளி செலவு செய்ய வேண்டும் என்று இருக்கும். ஒரு வகைச் செலவுக்கு மாதம் 20 வெள்ளிதான் கழிவு என்று வரம்பு இருந்தால், 5 விழுக்காடு என்பது 400 வெள்ளிச் செலவோடு நின்றுவிடும். அந்தக் குறைந்தபட்சத் தொகையை எட்டுவதற்காக மாதக் கடைசியில் தேவையில்லாத சட்டையை வாங்கினால், கழிவு யாருக்கு? கடைக்காரருக்குத்தான்.

உங்கள் மூன்று மாதக் கணக்கறிக்கையை எடுத்துப் பாருங்கள். மிகக் குறைவாகச் செலவான மாதத்திலும் அந்த வரம்பைத் தாண்டியிருந்தால் அத்தகைய அட்டையை எடுக்கலாம். இல்லையென்றால் நிபந்தனையற்ற 1.5 விழுக்காடே போதும்.

ஆண்டுக் கட்டணத்தையும் பாருங்கள். 9 விழுக்காடு பொருள் சேவை வரியோடு பல அட்டைகளுக்குச் சுமார் 200 வெள்ளி ஆகிறது. முதல் ஆண்டு தள்ளுபடி கொடுப்பார்கள். இரண்டாம் ஆண்டு தொலைபேசியில் கேட்டால் பெரும்பாலும் தள்ளிவிடுவார்கள். கேட்காமல் விட்டால், ஆண்டு முழுவதும் சேர்த்த 216 வெள்ளி அங்கேயே போய்விடும்.

ஊருக்குப் போகும்போது இன்னொரு விஷயம். தியாகராய நகரில் பட்டுப்புடவைக்கு இந்த அட்டையை நீட்டினால், வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணமாகப் பல வங்கிகள் 3 விழுக்காட்டுக்கு மேல் எடுக்கின்றன. 1,000 வெள்ளிக்கு 30 வெள்ளிக்கும் மேல் போகிறது. நமக்குக் கிடைக்கும் மைலோ கழிவோ பெரும்பாலும் அதை ஈடுகட்டாது. கடைக்காரர் "சிங்கப்பூர் வெள்ளியில் போடவா, ரூபாயில் போடவா?" என்று கேட்டால் ரூபாயில் என்று சொல்லுங்கள். வெள்ளி என்றால் மாற்று விகிதத்தில் இன்னொரு நஷ்டம் ஏற்படும்.

வட்டி வந்தால் எல்லாம் போச்சு

நேயர்களே, இதுவரை சொன்னதெல்லாம் மாதந்தோறும் முழுத் தொகையையும் கட்டுபவர்களுக்கு. கட்ட முடியாதவர்களுக்கு இந்த விவாதமே தேவையில்லை.

கடன்பற்று அட்டை வட்டி இங்கே ஆண்டுக்குச் சுமார் 26 முதல் 28 விழுக்காடு. 27 விழுக்காடு என்றே வைத்துக்கொண்டாலும், 1,200 வெள்ளியை ஒரு மாதம் பாக்கி வைத்தால் வட்டி 27 வெள்ளி. அந்த மாதம் கிடைத்த கழிவு 18 வெள்ளி. கெடு தவறினால் பல வங்கிகளில் சுமார் 100 வெள்ளி தாமதக் கட்டணம் வேறு. ஐந்து மாதக் கழிவு ஒரே நாளில் கரைந்துபோகிறது.

3,000 வெள்ளி பாக்கி உள்ளவரைப் பாருங்கள். குறைந்தபட்சத் தொகை 3 விழுக்காடு என்றால் 90 வெள்ளி கட்டுவார். அதில் 67 வெள்ளி 50 காசு வட்டிக்கே போகும். அசலில் குறைவது 22 வெள்ளி 50 காசுதான். "மாதாமாதம் ஒழுங்காகக் கட்டுகிறேனே, கடன் ஏன் குறையவில்லை?" என்று பலர் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

இளையர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆண்டு வருமானம் 30,000 வெள்ளி ஆனதும் அட்டை எடுக்கத் தகுதி வந்துவிடுகிறது. எம்ஆர்டி நிலையத்துக்குப் பக்கத்தில் மேசை போட்டு, பயணப்பெட்டி இலவசம் என்று அழைக்கிறார்கள். பெட்டிக்காக அட்டை எடுக்காதீர்கள். வட்டி ஏறும் அடமானமற்ற கடன் ஒருவரின் மாத வருமானத்தில் 12 மடங்கைத் தாண்டக்கூடாது என்ற வரம்பை சிங்கப்பூர் நாணய ஆணையம் 2019 ஜூன் முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறது. ஆனால் மாதம் 3,000 வெள்ளி சம்பளம் வாங்குபவருக்கு அது 36,000 வெள்ளி! அந்த அளவுக்குப் போன பிறகு சட்டம் நிறுத்துகிறது. அதற்கு முன் நாம்தான் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஏற்கெனவே சிக்கியவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். வீட்டில் சொல்லுங்கள். 'கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர்' என்ற அறநிறுவனம், வங்கிகளோடு பேசித் தவணை அமைக்க உதவுகிறது. கடன் மிகவும் பெருகியவர்களுக்காக 2017 முதல் கடன் ஒருங்கிணைப்புத் திட்டமும் இருக்கிறது. ஒரு அட்டைக் கடனை இன்னொரு அட்டையால் அடைப்பது மட்டும் வேண்டாம்.

ஆக, நெறியாளர் அவர்களே, என் முடிவு இதுதான். பாக்கி உள்ளவர்களுக்கு மைலும் வேண்டாம், கழிவும் வேண்டாம். அட்டையை உறையில் போட்டு வைத்துவிட்டு முதலில் கடனை அடைக்கட்டும். முழுத் தொகையைக் கட்டும் சாதாரணக் குடும்பத்துக்கு ரொக்கக் கழிவே ஆதாயம். அந்த 18 வெள்ளியை மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். இரண்டு ஆண்டில் 432 வெள்ளி சேரும். ஒருவருடைய டிக்கெட்டுக்குப் பெரும்பங்கு அதிலேயே வந்துவிடும். எந்த விமானம், எந்த நாள் என்பதை நீங்களே முடிவுசெய்யலாம். அடிக்கடி பறப்பவர்களும் கணக்கில் கண்ணாக இருப்பவர்களும் மைல்களைச் சேர்க்கட்டும். அவர்களுக்கு என் வாழ்த்துகள்.