செம்பனைக்கு உதவும் மூக்கு வண்டு

பினாங்குத் தீவிலிருந்து கடலைத் தாண்டிச் செபராங் பிறைக்குப் போனால் செம்பனைத் தோட்டங்களைக் காண்கிறோம். 1981க்கு முன்பு பல தோட்டங்களில், இளம் மரங்களின் பெண் பாளைகளுக்கு ஆட்களே மகரந்தத் தூளை ஊதினார்கள். முள்ளுக்கு நடுவே கையை நீட்டிச் செய்யும் வேலை அது. செய்யாவிட்டால் குலையில் காய் சரியாகப் பிடிக்காது.

காரணம் என்ன? ஒரே மரத்தில் ஆண் பாளையும் பெண் பாளையும் தனித்தனியாக, பெரும்பாலும் வெவ்வேறு காலத்தில் பூக்கின்றன. வேறொரு மரத்து மகரந்தம் வந்தாக வேண்டும். செம்பனையின் தாயகமான ஆப்பிரிக்காவில் இதை ஒரு சிறிய மூக்கு வண்டு செய்வதைப் பூச்சியியலாளர் ரஹ்மான் சையத் ஆராய்ந்து காட்டினார். கேமரூனிலிருந்து வந்த அந்த வண்டு, சோதனைகளுக்குப் பின் 1981இல் மலேசியத் தோட்டங்களில் விடப்பட்டது.

ஆண் பாளை சோம்பு மணம் வீசும். வண்டு அங்கே தின்று, அங்கேயே முட்டையிடும். பெண் பாளையும் அதே மணத்தை வீசுகிறது. ஆனால் கொடுக்க அதனிடம் ஒன்றுமில்லை! ஏமாந்து வரும் வண்டு, உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை அங்கே உதிர்த்துவிட்டுப் போகிறது.

ஊதும் வேலை பெரும்பாலும் நின்றது. கைக்கு அது நிம்மதி. அந்தக் கூலியை நம்பிய வீட்டுக்கு இழப்புத்தான். வாடிய ஆண் பாளையை நாம் குப்பையென்று நினைக்கிறோம். அடுத்த தலைமுறை வண்டுகள் வளர்வது அதற்குள்தான்.