திரும்ப அழைக்கப்பட்ட பைக்குகள்

2021 டிசம்பரில் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 26,300 கிளாசிக் 350 பைக்குகளைத் திரும்ப அழைத்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 5 வரை தயாரான, பின்சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள வண்டிகள் அவை. பின்சக்கரத்தை ஏந்தும் ஸ்விங் ஆர்மில் பிரேக்கின் விசையைத் தாங்குகிற சிறு இரும்புத் துண்டில்தான் கோளாறு. பின் பிரேக்கை மிகப் பலமாக மிதித்தால் அது சேதமாகலாம், சத்தம் வரலாம், பிடிமானம் குறையலாம் என்று கம்பெனியே சொன்னது. கோளாறுள்ள வண்டியை ஏன் விற்றார்கள் என்ற கோபம் நியாயமானதே. ஆனாலும் தானாக முன்வந்து சொல்லும் கம்பெனியை, வாய் திறக்காத கம்பெனியைவிட ஒருபடி கூடுதலாகவே நம்பலாம்.

"இதுவரை பிரேக் நன்றாகத்தானே பிடிக்கிறது?" என்று பலர் கேட்பார்கள். அன்றாட மிதிக்கு அந்தக் குறை தெரியாது. மணப்பாறையிலிருந்து திருச்சி போகும் நான்குவழிச் சாலையில் திடீரென ஓர் ஆடு குறுக்கே வர, முழு பலத்தோடு மிதிக்கிறோமே, அப்போதுதான் அது வெளிப்படும். எனக்குப் பெரிய கவலை செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களைப் பற்றித்தான். கம்பெனியிடம் இருப்பது பெரும்பாலும் முதலில் வாங்கியவரின் போன் நம்பர். அழைப்பு அவருக்கே போகும். ஆகவே ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் நம்பரைச் சர்வீஸ் சென்டரில் சொல்லி, திரும்ப அழைப்பு ஏதும் பாக்கி இருக்கிறதா என்று நீங்களே கேளுங்கள். பாக்கி இருந்தால் பழுதுபார்க்கும் செலவு கம்பெனியுடையது. கம்பெனி தானாக முன்வராவிட்டால், 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி அரசே கட்டாயமாகத் திரும்ப அழைக்க உத்தரவிடலாம். அப்போது 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு.