சேற்றுக்குள் ஒரு கல்



மழைவெள்ளம் வடிந்தபின் தோட்டத்து வடிகாலைப் பாருங்கள். தண்ணீர் வேகமாக ஓடிய இடத்தில் கூழாங்கல்லும் மணலும் கிடக்கும். தேங்கி நின்ற இடத்தில் மெல்லிய சேறு படிந்திருக்கும். வெள்ளத்தை நேரில் காணாதவரும், படிந்திருப்பதைக் கொண்டு அதன் வேகத்தைச் சொல்லிவிடலாம் அல்லவா? பழங்காலப் பாறை அடுக்குகளை ஆராயும் நிலவியல் அறிஞர்களுக்கும் இதுவே முதற்பாடம்.

பினாங்கு மலையில் இந்தப் பாடத்தைப் படிக்க இயலாது. அது கருங்கல் மலை. பூமியின் ஆழத்தில் உருகிக் கிடந்த குழம்பு மெல்லக் குளிர்ந்து இறுகியதால் உண்டானது. அதில் படிந்த அடுக்குகள் இல்லை. நமக்கு வடக்கே, கெடா மாநிலத்தின் லங்காவித் தீவுகளுக்குப் போகவேண்டும்.

அங்குள்ள மச்சின்சாங் மலையின் மணற்கல் ஏறக்குறைய 50 கோடி ஆண்டுப் பழமையானது. அதன் அடுக்குகளுக்குள் சாய்வான கோடுகள் தெரிகின்றன. ஓடும் நீர் மணலைத் தள்ளிச் சென்றபோது உண்டான கோடுகள் அவை. அவை சரியும் திசையே அன்று நீர் ஓடிய திசை. அலைநீர் விட்டுச்சென்ற வரிகளும் உண்டு. ஆகவே அவ்விடம் அன்று கரையோரக் கடலாக இருந்தது என்கிறார்கள். அதன்மேல் படிந்தது செத்துல் சுண்ணாம்புக்கல். கடல்நத்தை முதலிய உயிர்களின் எச்சங்கள் அதில் இருக்கின்றன.

அதற்கும் மேலே உள்ளது சிங்கா அடுக்கு. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த கரிய சேறு, இன்று பாறையாக இருக்கிறது. அந்தச் சேற்றுப் பாறைக்குள் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கற்கள்! சேறு படிவதற்கு நீர் அமைதியாக நிற்கவேண்டும். அமைதியான நீர் கல்லைச் சுமக்குமா? சுமக்காது. பின் யார் கொண்டுவந்து போட்டது?

இத்தகைய கல்லைக் கண்டால் அறிஞர்கள் அதன் அடிப்பக்கத்தைப் பார்ப்பார்கள். சேற்று வரிகள் அமுங்கி வளைந்திருந்தால், கல் மேலிருந்து விழுந்தது என்று பொருள். வேரோடு மிதந்துவரும் மரமும் கல்லைச் சுமந்துவரக்கூடும். எனவே ஒரு சான்று மட்டும் போதாது. குளிர்நீரில் வாழ்ந்த உயிர்களின் எச்சங்களும் இந்தப் பகுதியில் அக்காலத்து அடுக்குகளில் கிடைத்தன. இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான், மிதந்துவந்த பனிக்கட்டி உருகியபோது அதிலிருந்த கற்கள் சேற்றில் விழுந்தன என்று முடிவுகட்டினார்கள்.

ஆம், இந்த வெப்ப நாட்டில்தான்! அன்று இந்த நிலம் தெற்கே வெகு தொலைவில், கோண்டுவானா என்ற பெருங்கண்டத்தின் ஓரத்தில் இருந்தது. இந்தியாவும் அதே கண்டத்தின் பகுதியே. ஒடிசாவின் தால்ச்சரில் உள்ள கற்பாறைப் படிவை, பனிக்கட்டியின் வேலை என்று ஆய்வாளர்கள் 1856-ஆம் ஆண்டிலேயே எழுதினார்கள். பிறகு இந்த நிலம் பிரிந்து, வெப்பமான வடக்கு நோக்கி நகர்ந்தது. சிங்காவுக்கு மேலே, டாயாங் புந்திங் தீவில் காணும் சுப்பிங் சுண்ணாம்புக்கல், கடல்நீர் வெதுவெதுப்பான காலத்தைக் காட்டுகிறது. நம் முன்னோர் கப்பலேறி இங்கு வந்தார்கள். இந்த மண்ணும் நெடுந்தூரம் பயணம் செய்து வந்ததுதான்.

லங்காவி 2007-ஆம் ஆண்டு யுனெஸ்கோ ஆதரவு பெற்ற நிலவியல் பூங்கா ஆனது. பிள்ளைகளை அழைத்துச் சென்றால் பாறையைக் காட்டுங்கள். ஆனால் பெயர்த்தெடுக்க விடாதீர்கள். அந்தச் சிறு கல் சேற்றுக்குள் கிடக்கும்வரைதான் சாட்சி. பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் அது வெறும் கூழாங்கல்.