மில்டனின் குடிலும் ஒரு நண்பரின் வினாவும்



புலவர் வாழ்ந்த இல்லத்தைப் போற்றுதல் எளிது. வாழும் புலவருக்கு ஓர் இல்லம் தருதலே அரிது. இவ்வுண்மைக்குச் சான்றாக விளங்குகிறது, இலண்டனுக்கு வடமேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் பக்கிங்காம்சயரில் உள்ள சால்ஃபாண்ட் செயின்ட் ஜைல்ஸ் என்னும் சிற்றூர். புல்திடல், குளம், 14ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் கொண்ட தேவாலயம் ஆகியவற்றோடு, 16ஆம் நூற்றாண்டைச் சார்ந்த, செங்கல்லும் மரச்சட்டமும் கொண்டு எழுந்த குடில் ஒன்றும் அங்கு நிற்கிறது. ஜான் மில்டன் வாழ்ந்த இல்லங்களுள் இன்று எஞ்சியிருப்பது அஃதொன்றே.

1665இல் இலண்டனைக் கொள்ளைநோய் சூறையாடியது. மில்டன் 1652 முதலே பார்வையை முற்றிலும் இழந்தவர். 1660இல் முடியாட்சி மீண்டபின், குடியரசை ஆதரித்த குற்றத்திற்காகச் சிறையும் கண்டவர். அவர் நூல்கள் எரியூட்டப்பட்டன. அத்தகையவருக்குப் புகலிடம் தேடித் தந்தவர் தாமஸ் எல்வுட் என்னும் இளைஞர். குவேக்கர் சமயத்தினரான அவர், முன்னர் மில்டனுக்கு இலத்தீன் நூல்களைப் படித்துக் காட்டியவர். கவிஞர் வந்தபோது வரவேற்க அவர் அங்கில்லை. தம் சமயத்தார் ஒருவரின் இறுதி ஊர்வலத்தில் பங்கேற்றமைக்காகச் சிறையில் இருந்தார்.

விடுதலைபெற்று வந்த எல்வுட்டிடம் கவிஞர் ஒரு கையெழுத்துப்படியைத் தந்து, படித்துக் கருத்துரைக்குமாறு வேண்டினார். அதுவே 1667இல் வெளிவந்த பெருங்காப்பியம். அதன் ஒரு பகுதியையே வெ. ப. சுப்பிரமணிய முதலியார் 'சுவர்க்க நீக்கம்' எனத் தமிழாக்கினார். படித்து முடித்த எல்வுட் புகழ்ந்ததோடு அமையவில்லை. இழந்த சொர்க்கத்தைப் பாடியவர், மீண்டும் பெற்ற சொர்க்கத்தைப் பற்றி என்ன சொல்வார் என வினவினார். மில்டன் விடைகூறாது சிந்தையில் ஆழ்ந்தார். பின்னர் இரண்டாம் காப்பியத்தைக் காட்டி, அதற்குக் காரணம் அவ்வினாவே என்று மில்டன் கூறியதாக எல்வுட் தம் வரலாற்றில் பதிந்துள்ளார். அக்காப்பியம் 1671இல் வெளிவந்தது.

இரு நூற்றாண்டுகள் கடந்தன. 1887இல், விக்டோரியா அரசியின் பொன்விழாவை ஒட்டி, மக்கள் நிதி திரட்டி அக்குடிலை விலைக்கு வாங்கினர். அரசியும் 20 பவுண்டு அளித்தார். குடியரசுக் கவிஞரின் வீட்டைக் காக்க முடியரசியே கொடை தந்தமை, காலத்தின் திருவிளையாடல் அன்றோ! இன்று அது அருங்காட்சியகம். சட்டம் காக்கும் முதல்தர மரபுக் கட்டடம்.

1889இல் அவ்வூருக்கு அண்மையில் இருப்புப்பாதை வந்தது. இலண்டனில் பணிபுரிந்து நாள்தோறும் இல்லம் திரும்புவோர் அவ்வட்டாரத்தில் குடியேறினர். இன்று அது செல்வர் வாழும் பகுதி. ஊரின் பழமை அதன் அழகைக் காத்தது; அவ்வழகு வீட்டுவிலையை உயர்த்தியது. செல்வாக்கிழந்து வந்த பார்வையற்ற கவிஞர் ஒருவருக்கு இன்று அங்கு வாடகைக்கு ஒரு வீடு கிட்டுமா? சுவர்களைக் காத்தல் வேறு. அச்சுவர்கள் அன்று தந்த அடைக்கலத்தைக் காத்தல் வேறு.

அக்குடில் எழுப்பும் கேள்வி இலக்கிய வட்டங்களுக்கும் உரியதே. மறைந்த கவிஞரின் நினைவில்லத்திற்கு நிதி தர ஊரே திரளும், அரசியும் தருவார். வாழுங் கவிஞருக்கோ ஓர் எல்வுட் போதும்: வீடு தேடித் தருபவர், கையெழுத்துப்படியை முழுதும் படிப்பவர், படித்தபின் அடுத்த நூலுக்கு வித்தாகும் ஒரு வினாவை எழுப்புபவர். அத்தகைய ஒருவரை ஈன்றளிக்கும் வட்டமே, கல்லால் கட்டாத மெய்யான நினைவில்லம்.