ஓர் அடுப்பும் ஐந்து நாவும்



வீட்டிலே நாள்தோறும் நடந்தும் நம்மில் பலர் கண்ணெடுத்துப் பாராத ஒரு காரியத்தைப் பற்றிப் பேசலாமென்று வந்திருக்கிறேன். அதுதான் சமையல். "சமையலைப் பற்றி எங்களுக்கு என்ன? தேர்விலே அதைப் பற்றிக் கேள்வி வருமா?" என்று உங்களில் சிலர் நகைக்கக் கூடும். தேர்வில் வாராது, வாழ்க்கையில் நாளைக்கு மூன்று முறை வரும். அதற்கு விடை எழுதுகிறவர் பெரும்பாலும் உங்கள் அன்னையார். அவருடைய விடைத்தாளைத் திருத்துகிறவர்களோ நாம் எல்லோரும். அப்படித் திருத்திக்கொண்டிருந்த ஒருவன் என்ற முறையில்தான் இன்று பேசுகிறேன்.

என் ஊர் ஜோலார்பேட்டை. சென்னையிலிருந்து மேற்கே வரும் இருப்புப்பாதை அங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று சேலம், கோவை நோக்கியும் மற்றொன்று பெங்களூர் நோக்கியும் செல்லும். பெங்களூர்க் கிளை 1864-ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டது. எங்கள் வீட்டுப் பின்கட்டிலே நின்றால் ஏலகிரி மலை தெரியும். 1990-களின் தொடக்கத்தில் நான் பள்ளியிலே படித்துக்கொண்டிருந்தேன். திருப்பத்தூர் மாவட்டம் என்று ஒன்று அப்போது இல்லை. அது 2019-இல் பிறந்தது.

வீட்டில் நாங்கள் ஐவர். தந்தையார் சரக்கு வண்டியில் கார்டாக இருந்தார். அன்னையார் ஆம்பூர்ப் பக்கத்தில் ஒரு காலணித் தொழிற்சாலையிலே, அப்பர் என்று தொழிலாளர் சொல்லும் மேற்பகுதியைத் தைக்கும் பிரிவில் வேலை பார்த்தார். பாட்டனார், நான், தம்பி ஆகியோர் ஏனையோர். பாட்டியார் உயிரோடிருந்த வரையில் அடுக்களை அவருடைய அரசாட்சி. அவர் மறைந்த பிறகு அந்தப் பொறுப்பு அம்மாவின் தலைமேல் வந்து விழுந்தது. அம்மாவுக்கோ சமையலில் சிறிதும் விருப்பமில்லை. "நூறு ஜோடி தைக்கச் சொல்லுங்கள், தைத்துத் தருகிறேன், இந்த அடுப்பு மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை" என்பார். அதை நாங்கள் வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டோம்.

எங்கள் நாக்குகளின் பெருமையையும் சொல்ல வேண்டுமன்றோ? அப்பாவுக்குக் காரம் வேண்டும், வறுவல் வேண்டும், கீரையைக் கண்டால், "இது ஆட்டுக்கல்லவா?" என்பார். தாத்தாவுக்குப் பல் இல்லை. குழைந்த சோறும் மிளகாய் இல்லாத பருப்பும் வேண்டும். தம்பிக்குத் தயிர்ச்சோறும் உருளைக்கிழங்கும் தவிர உலகிலே வேறு உணவே கிடையாது. கறிவேப்பிலை ஒன்று தட்டிலே தென்பட்டாலும் எடுத்து வெளியே வைத்துவிடுவான். நான் கத்தரிக்காய், புடலங்காய், பாகற்காய் மூன்றையும் தொடமாட்டேன். ஆகவே அம்மா விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து நான்கு விதமாகச் சமைப்பார். ஏழு மணிக்குக் கம்பெனி வண்டி தெருமுனைக்கு வந்துவிடும். தேநீர் ஒரு குவளை, பொறை இரண்டு. அவ்வளவுதான் அவருடைய காலை உணவு. இரவிலோ எல்லோரும் உண்டபின் பாத்திரத்தில் எது மிஞ்சியதோ அது.

ஒருநாள் வேலைக் கூடத்தில் அவர் மயங்கி விழுந்தார் என்று செய்தி வந்தது. மருத்துவர் குருதியைச் சோதித்தார். கருவுறாத பெண்களுக்கு ஒரு டெசிலிட்டர் குருதியில் ஈமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. அம்மாவுக்கு எட்டுக்கும் கீழே இருந்தது. மருத்துவர் அப்பாவைப் பார்த்து, "இவர் அன்றாடம் என்ன சாப்பிடுகிறார்?" என்று கேட்டார். அப்பா விழித்தார். என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். தாத்தா என்ன சாப்பிடுவார், தம்பி என்ன சாப்பிடுவான் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அம்மா என்ன சாப்பிடுகிறார் என்பது எங்கள் நால்வரில் ஒருவருக்கும் தெரியாது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அன்று. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்குக் குருதிச்சோகை இருந்தது. இதற்குக் காரணங்கள் பல. கடைசியில் உண்பதும் குறைவாக உண்பதும் அவற்றுள் இடம்பெறுகின்றன.

அம்மா படுத்திருந்த அந்த நாட்களில் அப்பா ஒரு யோசனை செய்தார். இருப்புப்பாதையிலே வேலை செய்பவருக்கு அந்த வழியிலேதானே எண்ணம் ஓடும்? "எல்லா வண்டியும் சந்திப்பு வரையில் ஒரே பாதையில்தான் வருகின்றன, பிரிவது அதன் பிறகு. நம் வீட்டில் மட்டும் ஏன் நான்கு பாதை போட்டிருக்கிறோம்?" என்றார். பழைய நாட்காட்டித் தாள் ஒன்றின் பின்புறத்தில் ஏழு கட்டங்கள் வரைந்து, உணவுக்கு ஒரு கால அட்டவணை எழுதினோம். அதன் விதிகளை உங்களுக்குச் சொல்கிறேன்.

முதல் விதி, அடிப்படை ஒன்றாக இருக்க வேண்டும் என்பது. பருப்பை ஒரே பாத்திரத்தில் வேகவைத்து, மிளகாய் சேர்க்குமுன் தாத்தாவுக்கும் தம்பிக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வைத்துவிடுவோம். மிகுந்ததில் கீரை சேர்த்தால் கடைசல். புளியும் காயும் சேர்த்தால் குழம்பு. அப்பாவுக்கு வேண்டிய காரம் தனியே ஒரு சிறு கிண்ணத்தில் பொடியாகவோ துவையலாகவோ இருக்கும். நான்கு சமையல் ஒரு சமையலாயிற்று. பிரிவு மட்டும் தட்டிலே நிகழ்ந்தது.

இரண்டாவது விதி, வாரத்துக்கு ஒருமுறைதான் யோசிக்க வேண்டும் என்பது. அம்மாவைக் களைப்படையச் செய்தது கைவேலை மட்டும் அன்று, "இன்றைக்கு என்ன?" என்று நாள்தோறும் மனத்தை அரித்த கேள்வியுமாகும். ஞாயிறு மாலை அரைமணி நேரம் எல்லோரும் உட்கார்ந்து எழுதிவிட்டால் மற்ற நாட்களில் அக்கேள்வி எழாது. விருப்பமில்லாமல் சமைப்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

மூன்றாவது விதி, ஒவ்வொருவரும் ஒரே ஒரு பண்டத்தைத்தான் மறுக்கலாம் என்பது. நான் கத்தரிக்காயை மறுத்தேன். அதனால் புடலங்காயும் பாகற்காயும் என் தட்டுக்கு வந்து சேர்ந்தன. நான் மறுத்தது என் தட்டுக்கு வாராது. ஆனால் வீட்டுக்கு வரும்.

நான்காவது விதி, பழக்கமில்லாத பண்டம் ஒரு கரண்டி அளவே வைக்கப்படும். உண்ணும்படி மிரட்டுதலும் இல்லை, உண்டால் பரிசும் இல்லை. இவ்விதியைத் தாத்தாதான் சொன்னார். அறிவியலும் அதையே சொல்லுகிறது என்பதைப் பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு புதிய சுவையைக் குழந்தை ஏற்றுக்கொள்வதற்குப் பத்து முறைக்கு மேலும் அதைச் சந்திக்க வேண்டியிருக்கும் என்று ஆராய்ச்சியாளர் கூறுகின்றனர். நாமோ இரண்டு முறை கொடுத்துப் பார்த்துவிட்டு, "அவனுக்குப் பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

கிளாரா டேவிஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் செய்த சோதனை ஒன்றும் இங்கே நினைக்கத் தக்கது. தாய்ப்பால் மறந்த 15 குழந்தைகளுக்கு 34 வகை உணவுகளை வைத்து, வேண்டியதை வேண்டிய அளவு தாமே எடுத்துக்கொள்ள விட்டார். அதன் முடிவுகளை 1939-இல் வெளியிட்டார். ஒரு குழந்தை உண்டது போல் மற்றொன்று உண்ணவில்லை. எனினும் எல்லாம் நன்றாக வளர்ந்தன. 'அப்படியானால் குழந்தை கேட்டதையெல்லாம் கொடுக்கலாமே' என்று அவசரப்பட்டுவிட வேண்டா. அந்த 34-இல் இனிப்புப் பண்டமோ பொரித்த நொறுக்குத் தீனியோ ஒன்றும் இல்லை; எல்லாம் இயற்கை உணவுகள். எதை வைப்பது என்பதைப் பெரியவர்கள் தீர்மானித்தார்கள். எவ்வளவு உண்பது என்பதைக் குழந்தைகள் தீர்மானித்தார்கள்.

நம் நாட்டிலும் உணவைத் திட்டமிடுதல் பழைய கலைதான். குன்னூரில் இயங்கிய ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடத்தில் ராபர்ட் மக்காரிசன் என்பார், இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி ஆகியவை சேர்ந்த வடபுலத்து உணவை உண்டவை செழித்தன; தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாண உணவை உண்டவை நலிந்தன. அவருக்குப் பின் தலைமை ஏற்ற அய்க்ராய்டு, இந்திய உணவுகளின் சத்தையும், நிறைவான உணவைத் திட்டமிடும் முறையையும் விளக்கி 1937-இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்த ஆராய்ச்சிக்கூடமே பின்னர் ஐதராபாத்துக்கு இடம் மாறித் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாகத் திகழ்கிறது.

வீடு செய்வதை அரசும் செய்திருக்கிறது. 1956-இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய பள்ளி மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் நீங்கள் அறிந்தவையே. 2013-இல் சத்துணவிலே பலவகைச் சாதங்கள் சோதனையாகத் தொடங்கப்பட்டுப் பின்னர் மாநிலமெங்கும் பரவின. பசியைத் தீர்த்தால் மட்டும் போதாது, குழந்தை விரும்பி உண்ணவும் வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்திலும் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொரு பண்டம் வகுக்கப்பட்டது. அதுவும் ஏறத்தாழ எங்கள் நாட்காட்டித் தாள் போன்றதுதான்.

ஐந்தாவது விதிக்கு வருகிறேன். ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரு நாள் உரியது. அன்று அவர் விரும்பியதே சமையல். அப்பா தம் ஓய்வு நாளில் ஆட்டுக்கறிக் குழம்பு என்றார். அதைத் தாமே சமைப்பதாகவும் ஒப்புக்கொண்டார். தாத்தா மிளகு ரசம் என்றார். தம்பி உருளைக்கிழங்கு என்றான்; அது எதிர்பார்த்ததுதான். அம்மாவைக் கேட்டோம். "எதுவானாலும் சரி" என்றார். மறுவாரமும் அதே விடை. மூன்றாம் வாரம் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "களி தின்று எத்தனையோ நாளாயிற்று; கேழ்வரகுக் களியும் முருங்கைக்கீரைக் கடைசலும்" என்றார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவர் கையால் உண்டவன் நான். அவருக்குக் களி பிடிக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

கேழ்வரகு எளியவர் உணவு என்று இகழத் தக்கதன்று. நூறு கிராம் கேழ்வரகிலே 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் அது மிகமிகக் குறைவு. கீரையிலுள்ள இரும்புச் சத்து தானாக உடலில் எளிதில் சேராது. எலுமிச்சை, நெல்லி, கொய்யா போன்றவற்றிலுள்ள வைட்டமின் சி உடனிருந்தால் சேரும். உணவோடு தேநீர் அருந்தினால் அது தடைப்படும். மருத்துவர் இதை விளக்கிய பிறகு அம்மாவின் காலைத் தேநீர், உணவுக்கு ஒரு மணி நேரம் தள்ளிப் போயிற்று. இரும்புச் சத்து மாத்திரையும் தொடர்ந்தது.

கடைசி விதி மிகச் சிறியது. இரவில் அம்மா அமராமல் யாரும் உண்ணலாகாது. இதைப் பின்பற்றுவதுதான் எங்களுக்கு மிகவும் கடினமாக இருந்தது. அவர் எழுந்துகொண்டே இருப்பார். நாங்கள் உட்காரச் சொல்லிக்கொண்டே இருப்போம்.

திட்டம் முழு வெற்றி பெற்றதா என்று கேட்பீர்கள். இல்லை. அப்பா வைத்த முதற் குழம்பில் உப்பு மிகுந்துவிட்டது. சரக்கு வண்டி எங்கேயோ நின்றுபோய் அவர் இரண்டு நாள் வாராதபோது அட்டவணை குலைந்தது. இரவில் கீரை ஆய்ந்து வைப்பது என் பங்கு. தேர்வு நாட்களில் அதை மறந்து, காலையில் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றதுண்டு. தம்பி கீரையைத் தொடுவதற்கு ஓராண்டு பிடித்தது. நானோ, ஆம்பூரில் ஒரு திருமண விருந்தில் சீரகச்சம்பாப் பிரியாணியோடு வைத்த புளிப்புக் கத்தரிக்காயை, இன்னதென்று அறியாமல் உண்டு, மேலும் கேட்டு வாங்கினேன். என் மறுப்புரிமை அன்றோடு ஒழிந்தது.

ஆனால் சில திங்களில் அம்மாவின் குருதி அளவு பதினொன்றைத் தாண்டியது. சமையலில் அவருக்கு விருப்பம் பிறந்ததா? பிறக்கவில்லை. இன்றும் அவருக்குச் சமையல் பிடிக்காது. அதைச் சொல்ல இப்போது அவர் தயங்குவதுமில்லை. சமையலை விரும்பாதது குற்றமன்று. பிடிக்காத ஒரு வேலையை நால்வருக்காக ஒருவர் செய்யும்போது, அந்த நால்வரும் தட்டைத் தள்ளிவைத்துக்கொண்டிருப்பதுதான் குற்றம்.

நண்பர்களே, நீங்கள் நாளை விடுதிகளிலும் வேற்றூர்களிலும் வாழப் போகிறவர்கள். சோறு, ஒரு பருப்பு, ஒரு கீரை ஆகிய மூன்றையாவது ஆடவரும் பெண்டிரும் சமைக்கப் பழகிக்கொள்ளுங்கள். 1951-இல் வெளிவந்த மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' என்னும் நூல் போன்று, அளவு சொல்லிக் கற்பிக்கும் நூல்கள் தமிழில் உண்டு. ஆனால் அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதற்கு நூல் வேண்டா. இன்றிரவு உணவுக்கு அமரும்போது உங்கள் அன்னையாரிடம், "அம்மா, உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேளுங்கள். "எதுவானாலும் சரி" என்றுதான் பெரும்பாலும் விடை வரும். அதோடு விட்டுவிடாமல் மறுவாரமும் கேளுங்கள். அதற்கு மறுவாரமும் கேளுங்கள்.