கிருஷ்ணமிருகமும் பேரனின் பூணூலும்
(கிளைக் கூட்டம் ஒன்றில் அங்கத்தினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



ரிடையர் ஆனபின் காமெராவும் கையுமாக அலைகிற ஆசாமி நான் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். பங்குனி மாதம் ஒன்றில் குடும்பத்தோடு சித்தடேக் விநாயகரைத் தரிசிக்கப் போனோம். பீமா நதிக்கரையில் உள்ள அஷ்டவிநாயகத் தலம். அதே கர்ஜத் தாலுகாவில், அகில்யாநகர் (முன்பு அகமத்நகர்) மாவட்டத்தில், ரெஹேகுரி சரணாலயம் இருக்கிறது. 1980-ல் வெளிமான்களுக்காக ஏற்பட்டது. பரப்பு 2.17 சதுர கிலோமீட்டர்தான். மறுநாள் விடிகாலை வனக்காவலர் ஒருவருடன் நடக்கப் புறப்பட்டேன்.

வசந்தம் என்றதும் பச்சைப்பசேல் என்று எண்ணிவிடாதீர்கள். மழை நின்று மாதக்கணக்கில் ஆகி, புல் வைக்கோல் நிறத்தில் இருக்கும். ஆனால் குனிந்து பார்த்தால் பூக்கள். மஞ்சளாக ஆவாரையும் பிரம்மதண்டும், ஊதாவாகக் கண்டங்கத்தரியும் எருக்கும். ஆவாரையைப் படமெடுக்கக் காலை எடுத்து வைத்தபோது காவலர் கையைப் பிடித்து நிறுத்தினார். ஒரு அடி முன்னால் ஆள்காட்டிக் குருவியின் நான்கு முட்டைகள், சரளைக் கல்லோடு கல்லாக! கூடு என்று ஒன்றுமில்லை, வெறும் தரை.

பிறகு மான்கள். நான் அவசரப்பட்டு நெருங்க, எல்லாம் துள்ளி ஓடிவிட்டன. எனக்குக் கிடைத்தவை வால்களின் படங்கள்தான். "உட்காருங்கள், அவையே வரும்" என்றார் காவலர். அரை மணி அசையாமல் உட்கார்ந்தேன். வந்தன. முறுக்கிய கொம்பும், கருத்த முதுகும், வெள்ளை வயிறுமாக ஒரு ஆண், வெயிலுக்கு எதிரே நின்று என்னைப் பார்த்தது. அதுதான் கிருஷ்ணமிருகம். அது இயல்பாகத் திரியும் தேசமே யாகத்துக்கு உகந்தது என்கிறது மனு ஸ்மிருதி.

அந்தப் படத்தை எடுத்த கையோடு எனக்குச் சுரீர் என்றது. அடுத்த மாதம் பேரனுக்கு உபநயனம். பூணூலில் கட்ட மான் தோல் துண்டுக்கு முந்தின வாரம்தான் ஒரு கடையில் சொல்லி வைத்திருந்தேன். எதிரே நிற்பதன் தோலைத்தான் கேட்டிருக்கிறேன்!

1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பிராணி இது. வேட்டையாடுவதும் தோலை விற்பதும் வாங்குவதும் குற்றம். தண்டனை மூன்று வருஷத்துக்குக் குறையாத சிறை. கடைக்காரர் தருவது ஆட்டுத் தோலாகவும் இருக்கலாம். அப்படியானால் நாம் ஏமாறுகிறோம். நிஜமானால் பாபமும் குற்றமும் நம்முடையவை.

ஊர் திரும்பியதும் எங்கள் வாத்தியாரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. ஆபஸ்தம்ப தர்ம சூத்திரத்தை எடுத்துக் காட்டினார். மான் தோலைச் சொன்ன அதே இடத்தில், செம்மறியாட்டுத் தோல் எல்லோருக்கும் பொது என்றும், கம்பளியும் ஆகும் என்றும் இருக்கிறது. பேரனுக்குக் கம்பளித் துண்டைக் கட்டினோம். பலாச தண்டமும் மௌஞ்சியும் வழக்கம்போல். மந்திரத்தில் ஒரு அக்ஷரம் குறையவில்லை. கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. இப்படிப்பட்ட நிலத்தைப் பார்த்தால் "பொட்டல், தரிசு" என்கிறோம். நல்ல எண்ணத்தோடு மரக்கன்று நடப் போகிறோம். வெளிமானுக்குத் திறந்த வெளிதான் பாதுகாப்பு. ஓநாயைத் தூரத்திலேயே பார்த்து ஓட வேண்டும். மரம் அடர்ந்தால் புல் போகும். புல் போனால் மானும் போகும். மரம் நட வேறு இடம் இருக்கிறது.

அங்கத்தினர்களுக்கு என் விண்ணப்பம்: உங்கள் அகத்தில் அடுத்த உபநயனம் வரும்போது வாத்தியாரிடம் முன்கூட்டியே கம்பளி பற்றிப் பேசுங்கள். பையனையும் ஒரு நாள் புல்வெளிக்கு அழைத்துப் போய்க் கிருஷ்ணமிருகத்தை உயிரோடு காட்டுங்கள்.